பைக்கும் ஒரு டிக்கெட்

இருபத்து மூன்றாம் நாள்.
நோட்டில் எழுதுகிறேன்:
ரொட்டி, பத்து மெட்டிக்கல்.
அதைப் பிளந்து வைத்த பஜியா, ஐந்து.
ஆமாம், பஜியாதான்.
எந்தக் கப்பலில் வந்து இறங்கியதோ,
விலாங்குலோ பஸ் ஸ்டாண்டில்
எண்ணெய் சொட்டச் சொட்ட
என் பசியை அடையாளம் கண்டுகொண்டது.

பதினைந்து பேருக்கான வேன்.
இருபத்திரண்டு பேர் ஏறிவிட்டோம்,
கோழிகளை நான் எண்ணவில்லை.
கதவில் தொங்கிய எர்மெலிந்து
என் முதுகைப் பார்த்துச் சொன்னான்:
பைக்கும் ஒரு டிக்கெட்.
மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றேன்
எனக்குத் தெரிந்த பதினோரு போர்த்துகீசிய வார்த்தைகளில்.
உன் மடியை விட உன் பை பெரிது என்று
அவன் கையால் அளந்து காட்ட
வேன் மொத்தமும் குலுங்கிச் சிரித்தது.
சுண்டைக்காய் கால் பணம்
சுமைகூலி முக்கால் பணம்
என்று தமிழில் முனகிவிட்டு
இருநூறை எடுத்து நீட்டினேன்.

ஆகவே ஜன்னலோரம் என் பை.
காற்று அதற்கு.
நான் பக்கத்தில்,
ஒரு தொடை இருக்கையில்
ஒரு தொடை நம்பிக்கையில்.

கடலோரப் பயணம் என்றுதான் கிளம்பினேன்.
கடல் எங்கே?
தென்னை, தென்னை, கரி மூட்டை,
பாட்டிலில் நிறுத்திய முந்திரி,
மறுபடி தென்னை.
உப்பு மட்டும் எப்படியோ
உதட்டுக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

மசிங்காவில் பெல்மிரா ஏறினாள்.
முதுகில் மீன் படம் போட்ட துணியில் ஒரு குழந்தை,
தலையில் ஒரு வாளி.
உட்கார இடமில்லை.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
எல்லோரும் என் பையைப் பார்த்தார்கள்.
முழுக் கட்டணம் செலுத்திய பயணி அது,
நியாயமாகப் பார்த்தால்
அதற்கு எழுந்திருக்கும் கடமை இல்லை.
இரண்டு கிலோமீட்டர் வரை
நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பையை மடிக்கு இழுத்தேன்.
எர்மெலிந்து சரியாகத்தான் அளந்திருந்தான்,
முகவாய் வரை வந்தது.
அந்த இடத்தை அவளுக்கு விற்று
அவளிடமும் காசு வாங்கினான் அவன்.
ஒரே இருக்கை, இரண்டு டிக்கெட்!
என் இருநூறைத் திருப்பிக் கேட்க
பன்னிரண்டாவது வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தபோது
பெல்மிரா குழந்தையை அவிழ்த்து
என் பைமேல் வைத்தாள்,
அலமாரிமேல் ஒன்றை வைப்பதுபோல.
வாளியைப் பிடிக்க அவளுக்குக் கை வேண்டும்.

நேலியுவாம் பெயர். ஏழு மாதம்.
என் தூங்கும் பாயில் கன்னத்தை அழுத்தி,
பையின் வாரைச் சப்பியபடி
மொரும்பேனே வரை தூங்கினான்.
அங்கேதான் கடைசியில் கடல் தெரிந்தது,
ஒரு குழந்தையின் காதுக்குப் பின்னால்,
கொஞ்சம்.
அதே நேரம் பைக்குள் ஏதோ கதகதப்பாக இறங்கியது.
என் ஒரே உலர்ந்த சட்டை மேலாகத்தான் இருந்தது.

மஷீஷ் படகுத்துறையில்
இளநீர் இருபது என்றாள் ஒரு சிறுமி.
பதினைந்துக்குப் படிய வைத்தேன்.
குடித்து முடித்த பிறகு
அந்த ஐந்தை நோட்டில்
எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியவில்லை.
வரவு என்று எழுதக் கை வரவில்லை.
எழுதாமல் விட்டேன்.
திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

விரிகுடாவைக் கடக்க
மோட்டார் படகு விலை அதிகம்,
பாய்மரம் மலிவு,
காற்று வந்தால்.
காற்று வர ஒரு மணி நேரம் ஆனது.
இடுப்பளவு நீரில் நடந்து ஏறினோம்.
படகுக்காரர் காஸிமு
எண்ணெய் டின்னை வெட்டிச் செய்த குவளையை
ஒரு வார்த்தை இல்லாமல் என்னிடம் தந்தார்.
மலிவு என்பதற்கு அர்த்தம் புரிந்தது.
இன்யம்பானே விளக்குகள் கிட்டே வரும்வரை
கடலை அள்ளிக் கடலிலேயே ஊற்றினேன்.

இப்போது கூடாரம். நூற்றைம்பது.
கொசுக்களுக்குத் தனிக் கட்டணம் இல்லை.
பையைத் தலைக்கு வைத்தால்
பால் புளித்த வாடை.
அலசினால் போய்விடும்,
தண்ணீர் காலையில்தான் வருமாம்.

பைக்கு வெளியே கட்டியிருந்த செருப்பில்
ஒன்றைக் காணோம்.
இடது.
இருக்கைக்கு அடியில் விழுந்திருக்க வேண்டும்.
இந்நேரம் அது
எர்மெலிந்துவின் வேனில்
விலாங்குலோவுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும்,
கால் நீட்டி,
டிக்கெட் இல்லாமல்.