உறை: இல்லை

பதிவேட்டில் நூற்றுப் பதினேழு.
வாள். எஃகு. பிடியில் திருக்கைத்தோல், பித்தளைக் கம்பி.
லெப்டினன்ட் ஹார்க்னஸுடையது எனக் கேள்வி.
நுனி முறிந்தது.
உறை: இல்லை.

எனக்கு முன்னிருந்த கிளார்க் எழுதியது,
பச்சை மையில்.

வெள்ளிதோறும் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து
தையல் மிஷின் எண்ணெய் தடவுவேன்.
பாளையங்கோட்டை வெயிலில்
இரும்புக்குக்கூட வியர்க்காது.
ஐப்பசியில் மட்டும் அதன் முதுகில்
அம்மை இறங்கிய தோல்போல ஒரு செம்மை.

சித்திரை பிறந்து நாலாம் நாள்
ஒருவர் வந்தார்.
முருகன்குறிச்சியில் இறங்கி நடந்திருக்கிறார்.
செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டார்.
வருகைப் புத்தகத்தில் சொரிமுத்து, கூனிப்பொத்தை
என்று எழுதி முடிக்க நேரமானது.
தாழிகளைப் பார்க்கவில்லை, காசுகளைப் பார்க்கவில்லை,
நேரே இதனிடம்.

"டீச்சர்" என்றார்.
மேசைக்குப் பின்னால் இருக்கும் பெண்ணை
வேறெப்படிக் கூப்பிடுவது?
"கொடைக்கு ஒரு ராத்திரி மட்டும் தருவியளா?"

அவர்கள் ஊரில் தொரைமாடனுக்குப் பீடம் இருக்கிறதாம்.
சுருட்டு, சாராயம், அவித்த முட்டை.
பீடத்தில் சார்த்தியிருப்பது உறை மட்டும்.
"வெறுங் கூட்டத்தான் கும்பிடுதோம்."

விதிகளைச் சொன்னேன்.
சென்னைக்கு எழுதவேண்டும், பதில் வராது என்றும் சொன்னேன்.
வானிலை அறிக்கை கேட்பவர்போலத் தலையாட்டினார்.
பிறகு மடியிலிருந்து எடுத்தார்
ஒரு பனையோலை நறுக்கு.
உறைக்குள் அடிவரை விட்டு
வாயோரம் நகத்தால் கீறிய அளவு.
"வச்சு மட்டும் பாருங்க."

அன்று வெள்ளி இல்லை.
திறந்தேன்.
கீறலைப் பிடியோரம் பொருத்தி
வாள்மேல் ஓலையைக் கிடத்தினேன்.
மறுமுனையில் ஓலை
ஒரு விரற்கடை மிஞ்சியது.

ஏனோ எனக்கு நிம்மதி.
"சேரலையே. இது வேற வாளோட உறை."

"சரியாத்தான் இருக்கு" என்றார்.
குரலில் சண்டை இல்லை.
"அந்த ஒரு விரக்கடை
எங்க பூட்டனாரு வெயிலுகந்தான் விலாவுல ஒடிஞ்சு
குழிக்குள்ள அப்படியே கெடக்கு.
ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லதான் உசுரு போச்சு.
படையல் மொதல்ல பூட்டனாருக்கு.
அவரு தின்னு முடிச்சப் பொறவுதான் தொரைக்கு எலை.
குத்துனவரு பொறுத்துத்தான ஆவணும்?"

வாளை மறுபடி கேட்கவில்லை.
ஓலையில் எண்ணெய் பட்டிருந்தது.
முகர்ந்து பார்த்தார்,
அதற்காகவே வந்தவர்போல
மடியில் சொருகிக்கொண்டு
செருப்பைத் தேடிப் போனார்.

பதினோரு வருஷமாக அந்த முறிவின்மேல்
துணி ஓட்டுகிறேன்.
மிச்சம் எங்கே என்று
ஒரு வெள்ளிக்கிழமையும் தோன்றியதில்லை.

நுனி முறிந்தது, பக்கத்தில்
பென்சிலால் எழுதினேன்:
கூனிப்பொத்தையில், வெயிலுகந்தான் வசம்
எனக் கேள்வி.

தணிக்கைக்கு வருகிறவர்கள்
வேண்டுமானால் அழித்துக்கொள்ளட்டும்.