வளர்ச்சி உண்டு

அரை லிட்டர் பாட்டிலை மேசைமேல் வைத்தபோது
அஞ்சலாட்சிக்கு மூச்சு வாங்கியது.
நடுவீரப்பட்டில் பஸ் ஏறி, கடலூரில் இறங்கி,
செம்மண்டலம் வரை நடை.
"இதுக்குள்ள உசுரு இருக்குன்னு சொல்லி வித்தாங்க.
நாத்தமில்ல வருது."

மூடியைத் திறந்தேன்.
அழுகிய முட்டை.
பண்ருட்டிக் கடையில், ஷட்டர் ஓரம்,
யூரியா மூட்டைக்கும் போன வருஷக் காலண்டருக்கும் நடுவே
தை முழுக்க வெயில் காய்ந்திருக்கும்.
லேபிளில் மட்டும் இன்னும் இளஞ்சிவப்பு.

"அடிச்சீங்களா?"
"ரெண்டு பாட்டில் அடிச்சாச்சு. இது மூணாவது."
"மரம் எப்படி இருக்கு?"
அதற்குப் பதில் இல்லை.
ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து
ஒரு முந்திரி இலையை எடுத்து நீட்டினாள்.
ஓரத்தில் ஏதோ பூச்சி கடித்த பிறை.

இலையை அகார்மேல் கவிழ்த்து
பத்து எண்ணும்வரை அமுக்க வேண்டும்,
ஈர மையை ஒற்றித்தாள் எடுப்பதுபோல.
நான் கையுறை தேடும் நேரத்தில்
அவளே அமுக்கிவிட்டாள்.
இலை நுனியைத் தாண்டி
கட்டைவிரல் வழுக்கி அகாரில் பட்டது.
"தப்பாயிடுச்சா?"
"பரவால்ல, விடுங்க."
பதிவேட்டில் க. அஞ்சலாட்சி என்று
கோடு மீறாமல் கையெழுத்துப் போட்டாள்.

முப்பது டிகிரி. ஐந்து நாள்.
இளஞ்சிவப்புக்காரர்கள் நிதானமானவர்கள்,
அவசரப்படுத்த முடியாது.

இன்குபேட்டர் உறுமிக்கொண்டிருந்த அந்த நாட்களில்
நான் வண்டியில் போகும்போதெல்லாம்
வழியோர இலைகளைப் பார்த்தேன்.
பார்த்து என்ன தெரியும்?
பச்சைதான் தெரியும்.
விடிகாலையில் இலைத்துளைகள் திறக்கும்போது
ஒரு துளி சாராயம்போல மெத்தனால் கசியும்,
அதுதான் அவர்களுக்குச் சோறு.
தேவனாம்பட்டினத்துக் காற்று உப்பைக் கொண்டுவந்து கொட்டும்.
பத்து மணிக்குப் பனி உலர்ந்தால் பஞ்சம்.
நரம்போரப் பள்ளங்களில் ஒண்டிக்கொண்டு
ஒருவர் கசிவில் ஒருவர் நனைந்து
சாயங்காலம்வரை தாக்குப்பிடிக்க வேண்டும்.
ஓர் இலையின் மேல்பக்கம் ஒரு தேசம்,
அடிப்பக்கம் இன்னொன்று.
இலை உதிர்ந்தால்
இரண்டும் சேர்ந்து விழும்.

ஆறாம் நாள் இரண்டு தட்டுகளையும் வெளிச்சத்தில் வைத்தேன்.

பாட்டில் தட்டில்
யார் யாரோ குடியேறி, பழுப்புக் கூழாய்,
ஆனால் இளஞ்சிவப்பில் ஒரு புள்ளிகூட இல்லை.

இலைத் தட்டில்
இலையே இருந்தது.
நடுநரம்பு, கிளைநரம்புகள்,
பூச்சி கடித்த பிறைகூட அப்படியே வெற்றிடமாய்,
மற்றதெல்லாம் மூக்குத்திக் கல் அளவில்
இளஞ்சிவப்பு, இளஞ்சிவப்பு, அங்கங்கே மஞ்சள்.
நுனிக்கு அப்பால்
அவளுடைய கட்டைவிரல்,
வெள்ளையாய், வளையம் வளையமாய்.
கேட்காமல் போட்ட இரண்டாவது கையெழுத்து.

முதல் இரண்டு பாட்டிலில் வந்தவர்களா இவர்கள்,
அதற்கு முன்பே அங்கே இருந்தவர்களா?
தட்டு சொல்லாது. எனக்கும் தெரியாது.
பதிவேட்டில் பாட்டிலுக்கு நேராக
"வளர்ச்சி இல்லை" என்று எழுதினேன்.
இலைக்கு அதில் கட்டமே இல்லை.

போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.
"அப்ப என் காசு?"
கடைக்காரர் பேரில் மனு எழுதும் விதத்தைச் சொன்னேன்.
மறுபடியும் கேட்டேன், மரம்?
"அதா? அது பாட்டுக்குப் பூத்துக் கெடக்கு.
நீங்க காசுக்கு வழி சொல்லுங்க."

வெள்ளிக்கிழமைகளில் தட்டுகளைக் கொல்ல வேண்டும்.
நூற்று இருபத்தொரு டிகிரி, பதினைந்து நிமிடம், விதி அது.
பாட்டில் தட்டைக் கொன்றேன்.
இலை நுனிக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே
அன்று ஒரு மயிரிழை இடைவெளி இருந்தது.

திங்கட்கிழமை இல்லை.

"இரண்டும் வெள்ளியன்று அழிக்கப்பட்டன" என்று
பதிவேட்டில் எழுதி
தேதி போட்டிருக்கிறேன்.