பதினேழாம் கேள்வி

சிகாகோவின் தெற்குப் பக்கத்தில்
கறுப்பின மக்களின் தெருக்களுக்கென்று
எப்போதோ யாரோ எழுதிய கேள்விகள்.
மாரத்தஹள்ளி அலுவலகம் ஒன்றில் கன்னடமாகி,
அங்கிருந்து தமிழாகி
என் டேப்லெட்டில் வந்து இறங்கின.
வழியில் எங்கோ, மூன்றாம் கேள்வியின் 'பிளாக் சங்கம்'
கறுப்பர் சங்கம் ஆகிவிட்டிருந்தது.
'அப்படி ஒண்ணு இருந்தா சொல்லு,
சேர்ந்துக்குறேன்' என்றாள் எப்சிபா.
அவள் சிரிக்கவில்லை.

ஜீவனஹள்ளி, தண்டவாளத்துக்குப் பின்வரிசை.
தண்ணீர் லாரி வரும் நாள்.
ஆட்களுக்குப் பதில் குடங்கள் நின்றன வரிசையில்.
இதுவும் ஒருவகைப் பிரதிநிதித்துவம்
என்று குறிப்பெழுதினேன்.
வெட்கமாயிருந்தது, அழித்தேன்.

வார்டு கமிட்டிக் கூட்டத்துக்குப் போனதுண்டா?
'மாசாமாசம்.'
'ஆம்' என்பதைத் தொட்டேன்.
'நாற்காலி போட. முடிஞ்சதும் பெருக்க.
நடுவுல வெளியே நிக்கணும்.'
தொட்ட விரலை என்ன செய்வது?
பேராசிரியர் போனை எடுக்கவில்லை.

கேள்வி பதினேழு.
கடந்த ஓராண்டில் உங்கள் மக்கள் பிரதிநிதியை
எத்தனை முறை தொடர்புகொண்டீர்கள்?
கண்ணை மூடிக் கணக்குப் போட்டாள்.
'இப்ப ஏது பிரதிநிதி? எலெக்‌ஷனே இல்லையே.
மாஜி கார்ப்பரேட்டர் பரவாயில்லையா?
அவர் வீட்டுல ரெண்டு பாத்ரூம், ஒரு பால்கனி.
ஞாயிறு லீவு. பெரிய வெள்ளி லீவு.
கொழுந்தன் செத்தப்ப மூணு நாள்.
எவ்ளோ வருது?'
முந்நூற்று ஒன்பது.
கட்டத்துக்குள் இரண்டு இலக்கம்தான் நுழையும்.
தொண்ணூற்றொன்பது போட்டேன்.

அவரோடு பேசினதுண்டா?
இது தாளில் இல்லை, நானாகக் கேட்டது.
'ஒரே ஒரு தடவை. பேர் கேட்டார், சொன்னேன்.
கிறிஸ்டியனான்னார். ஆமான்னேன்.
அதுக்கு முன்னாடி என்னன்னார்.
நான் பக்கெட்டை நகர்த்திட்டேன்.'

லாரி ஹாரன்.
எழுந்து ஓடியவள் பாதி வழியில் நின்றாள்.
'இதையெல்லாம் முதல்ல கேட்ட அந்த ஊர்ல,
அவங்க என்ன சொன்னாங்க?'
சதவீதங்கள் எனக்கு மனப்பாடம்.
அவர்கள் சொன்னது தெரியாது.

அதற்குள் அவள் குடத்தை யாரோ
கடைசிக்குத் தள்ளியிருந்தார்கள்.
அவள் குடத்தை மட்டுமல்ல,
வேலைக்குப் போயிருந்த எட்டு வீட்டுக் குடங்களையும்.
நாலு பெண்களைக் கூப்பிட்டாள்.
லாரிச் சாவியை உருவி ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள்.
வரிசை மறுபடி அடுக்கப்படும்வரை
ஒரு சொட்டு இறங்கவில்லை.
டிரைவர் கன்னடத்தில் கத்தினான்,
அவள் அதைவிட நல்ல கன்னடத்தில்.

டேப்லெட் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டிருந்தது.
பொது விவகாரங்களில் உங்களுக்கு ஆர்வம் உண்டா?
மிகவும்.
ஓரளவு.
அறவே இல்லை.