வெறும் பெட்டி

டிசம்பர் முப்பத்தொன்று, இரவு பதினொன்றரை.
மூன்றாம் மாடி யெசேனியா கதவைத் தட்டினாள்.
"பெட்டி தருவாயா? என்னுடையதற்குச் சில்லு போச்சு."

காதில் அன்னாசித் தோடு.
பழந்துணிக் கடையில் பன்னிரண்டு பிராங்குக்கு எடுத்த
ஆம்பிளைக் கோட்டு.
உள்ளே மஞ்சள்.
எவ்வளவு உள்ளே என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.
மஞ்சள் மங்கலம், அது எங்களுக்கும் தெரியும்,
அந்த இடத்தில் என்றுதான் தெரியாது.

மணி அடிக்க அடிக்கப்
பன்னிரண்டு திராட்சையை வாயில் அடைத்தபடி
படியிறங்கினாள்.
வெறும் பெட்டியோடு தெருவைச் சுற்றினால்
வருஷம் முழுக்கப் பயணமாம், கொலம்பியாவில்.
போன வருஷம் சுற்றியதற்கு
லுசேர்ன் வரைக்கும்தான் கிடைத்தது,
அதுவும் பல் டாக்டரிடம்.

பீல் நகரத்துப் பனிச்சேற்றில்
கடகடவென்று போனது என் பெட்டி.
பூட்டிய கடிகாரக் கடை,
பஸ் வராத நிறுத்தம்,
வெடிக்குப் பயந்து
குப்பைத் தொட்டியோடு ஒட்டிய ஒரு நாய்.

திரும்பி வந்து ஜிப்பைத் திறந்தாள்.
உட்பையில்
என் ஒற்றைக் காலுறை.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்,
எண்ணெய் வடியும் எம்பனாடாவைத் திணித்தாள்.
"இந்த வருஷம் உன் ஒரு கால் என்னோடு வருது.
மற்றதை எங்கே வைத்தாய்,
போய்த் தேடு."