வெள்ளை ஒயர்

சித்ராவில் ஆகஸ்ட் மாதம்
காலை ஏழு மணிக்கே
வெயிலில் கிடந்த ஸ்பேனரைத் தொட முடியாது.
ததேயுஸ் படகைக் கட்டிவிட்டு
ஒன்றும் சொல்லாமல் நின்றான்.
முதல் தடவை திட்டினான்,
இரண்டாம் தடவை சிரித்தான்.
இது மூன்று.

கரையில் ஓடுகிறது, கேட்கவே சுகமாக.
மீன் அடைக்கும் ஹத்ரா வேலிகளைத் தாண்டி
ஒரு நல்ல அலையில் எகிறி விழுந்தால்
நின்றுவிடுகிறது.
இருமல் இல்லை, திக்கல் இல்லை.
பேசிக்கொண்டே இருந்தவன்
போனை வைத்த மாதிரி.

பெட்ரோல் கோளாறு என்றால் திணறித் திணறி நிற்கும்.
இப்படிப் பட்டென்று போவது கரண்டுதான்.
அதுவரைக்கும் சரியாகச் சொன்னேன்.
அதற்குமேல் தெரிந்தவன் மாதிரி பேசி
பிளக் மாற்றவைத்தேன், மூன்று தினார்.
காயில் மாற்றவைத்தேன், இருபத்திரண்டு.
இன்றைக்குக் கடைக்காரன் சிடிஐ என்கிறான், எழுபது.
எழுபது என்றதும்
ததேயுஸ் தன் செருப்பைப் பார்த்தான்.

மூடியைத் தூக்கினேன்.
பிளக்குகளைக் கழற்றி இரும்பில் சாய்த்து
செல்ஃப் அடிக்கச் சொன்னேன்.
நீலம். மூன்றிலும் கொழுத்த நீலம்.
டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போகிற நோயாளி.

பேட்டரியின் நெகட்டிவ் முனையில் பச்சை பூத்திருந்தது.
உப்புத்தாள் போட்டு
உப்பைத் தேய்த்தேன்.
"எர்த்துதான் அண்ணே, இதான்" என்றான்.
அவனுக்கு அது இதுவாக இருக்கவேண்டும்.

எர்த்.
நாலு பக்கமும் தண்ணீர்,
மண் எட்டுப் பாகம் கீழே,
இந்த அலுமினியக் கட்டியை
நாங்கள் மண் என்கிறோம்.
கறுப்பு ஒயர்கள் அதை விடாமல் பிடித்திருந்தால்
எஞ்சினுக்கு உயிர்.
வெள்ளை ஒயர் ஒன்றே ஒன்று
அதைத் தொட்டுவிட்டால் போச்சு.
தொடுவதற்காகவே வைத்ததும்கூட:
சாவியைத் திருப்பினால் தொடும்,
ஆள் தண்ணீரில் விழுந்து
மணிக்கட்டின் சிவப்புக் கயிறு உருவினால் தொடும்.
மண்ணோடு சேர்ந்தால் அடங்கிவிடும், எதுவும்.

வெள்ளையைப் பிடுங்கித் தனியே விட்டு
ஹத்ரா தாண்டிப் போய்
வேண்டுமென்றே நாலு அலையில் குதித்தோம்.
நிற்கவில்லை.
நிறுத்தவும் முடியாமல்
சோக்கை இழுத்து மூச்சை அடைத்துத்தான் நிறுத்தினோம்.

திரும்பி வந்து மீட்டரை எடுத்தேன்.
ஒரு முனை வெள்ளையில், ஒரு முனை இரும்பில்.
பேசவில்லை. பேசக்கூடாது.
இடது கையால் ஒயர் கட்டை
ஒவ்வொரு சாணாக ஆட்டிக்கொண்டே போனேன்.
சாவிப் பக்கம், அமைதி.
கயிற்றுப் பக்கம், அமைதி.
மூடியின் தாழ்ப்பாளுக்குப் பின்னால்
விரல் நுழையாத ஓர் இடுக்கில்
பீப்.

கறுப்பு ஜிப் டை ஒன்று
ஒயரை இரும்பு விளிம்போடு நெரித்திருந்தது.
அலைக்கு அலை உரசி
வெள்ளைத் தோல் நெல் அளவுக்குக் கிழிந்து
உள்ளே செம்பு.
டையின் வாலைச் சரிவாக வெட்டியிருந்தது.
இந்தக் கரையில் அப்படி வெட்டுகிறவன் நான் ஒருத்தன்.
ஜூனில் ஸ்டியரிங் கேபிள் மாற்றும்போது
தொங்குகிறதே என்று
அழகுக்குக் கட்டினேன்.

பீப், பீப்.
கை ஆடிக்கொண்டிருந்தது.
உப்புக் காற்று, பழைய எஞ்சின், கம்பெனி ஒயர்,
பழி போட எல்லா வசதியும் இருந்தது.
அவன் எட்டிப் பார்த்தான்.
"யாரு கட்டினது?"
"நான்."

ஒரு கடற்காகம் முழுகி எழுகிற நேரம்.
"அப்போ காயில்?"
"நல்லாத்தான் இருந்துச்சு."
"பழசு எங்க?"
"வித்துட்டேன். அஞ்சு தினார்."

செம்புக்கு ரப்பர் குழல் மாட்டி
ஒயரைத் தளர்வாக
வேறு பக்கம் கொண்டுபோனேன்.
இந்தமுறை அழகாக இல்லை.
எஞ்சினை எழுப்பிவிட்டுக் குனிந்து
நான் வெட்டிப் போட்ட டையைத் தேடி எடுத்து
சட்டைப் பையில் வைத்துப் பொத்தானும் போட்டான்.

"அது எதுக்குடா?"
"கணக்குக்கு" என்றான்.