ஐஸ் கம்பெனி மாடியில் மூன்று இரவுகள்

காசிமேட்டில் எங்கள் ஐஸ் கம்பெனி மாடியை
மூன்று இரவுக்கு வாடகைக்குக் கேட்டார்கள்.
என்ன விசேஷமென்று கனி பாய் கேட்கவில்லை.
கொடுத்த முன்பணம் கேட்க விடவில்லை.

இரண்டு நாடு. பெயர் சொல்ல மாட்டேன்,
சொல்ல மாட்டேனென்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.
ஒன்றின் வரைபடத்தில் மற்றது இல்லை,
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
அடுத்த மாதம் ஒரு தலைவர்
இன்னொருவரின் தலைநகரில் போய் இறங்குகிறார்.
அங்கே எல்லாம் தற்செயலாக நடப்பதற்கு
இங்கே ஏற்பாடு.

ஊரில் இத்தனை ஏசி ஓட்டல் இருக்க
இங்கே எதற்கென்றால்
எங்கள் கம்ப்ரஸர் போடும் சத்தத்தில்
எந்தச் சுவருக்கும் காது கேட்காதாம்.
பக்கத்து வீட்டு ரோசம்மா
இருபது வருஷமாகக் கார்ப்பரேஷனுக்கு எழுதிப்போடுவதை
கோட்டுப் போட்டவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள்.

முதல் இரவு முழுக்க மாடிப்படி.
இருப்பது ஒரே படி. யார் முதலில் ஏறுவது?
விடிகாலை இரண்டுக்கு முடிவானது:
ஒரு தரப்பு படியேறும்.
மறு தரப்பு பின்பக்கம், ஐஸ் பார் தூக்கும் கப்பியில்,
ஈரச் சாக்கின் மேல் நின்றபடி.
இரண்டு காலும் ஒரே நொடியில் மாடியைத் தொட
கீழிருந்து விசில் ஊதியவன் நான்.

இரண்டாம் இரவு ஒரு சொல்.
மொழிபெயர்க்க வந்த நிலோஃபர், மண்ணடிப் பெண்,
டீ குடிக்க இறங்கியபோது சொன்னாள்:
'வருந்துகிறோம்' என்றால் தப்பு நம்முடையதாம்.
'வருந்தத்தக்கது' என்றால்
தப்பு மழை மாதிரி, தானே பெய்ததாம்.
நடுவில் ஒரு சொல் கிடைக்குமா அண்ணே என்றாள்.
எங்க பக்கம் 'அது ஆச்சு' என்போம் என்றேன்.
எழுதிக்கொண்டு மேலே போனாள்.

மூன்றாம் இரவுதான் கை.
எவ்வளவு நேரம், எந்தக் கோணம், யார் கை மேலே.
ஒத்திகை பார்க்கவேண்டும், ஆனால்
ஒருவரையொருவர் தொட அவர்களுக்கு உத்தரவில்லை.
இரண்டு கை இரவல் வேண்டுமென்றார்கள்.
ஷிஃப்டில் இருந்தது நானும் சவரியும்.

எட்டு வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை,
அவர்களுக்கு எப்படித் தெரியும்?
நாற்பதாயிரம், ஏலச்சீட்டு, ஜாமீன் போட்டவன் நான்.
கிரஷருக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான்,
நடுவில் டீக்காரப் பையன் தாஸு.
'அவராண்ட சொல்லு, வால்வு லூசா கீதுன்னு.'
'எனக்கும் கண்ணு கீதுன்னு சொல்லு.'

பதினோரு தடவை குலுக்கினோம்.
ஏழு விநாடி. ஒருவர் கடிகாரம் பிடித்தார்,
ஒருவர் நோட்டில் படம் வரைந்தார்.
சவரிக்கு ஆட்காட்டி விரலில் ஒரு கணு கிடையாது,
கிரஷர் தின்றது.
அந்தத் துண்டைத் துணியில் சுற்றி ஐஸில் வைத்து
ஸ்டான்லிக்கு ஓடியவன் நான். பலிக்கவில்லை.
அது சீட்டுக்கு முந்தின காலம்.
மொட்டை விரல் வலிக்கக் கூடாதென்று
என் விரல் தானாகக் கொஞ்சம் தூக்கிக்கொண்டது.
வரைபவர் அதையும் வரைந்தார்.

அடுத்த மாதம், டீக்கடை டிவி.
கம்பளத்தின் மேல் இரண்டு தலைவர்கள்.
கை நீண்டது. நான் மனசுக்குள் எண்ணினேன், ஏழு.
ஒருவரின் ஆட்காட்டி விரல் மட்டும்
ஒட்டாமல், சற்றே தூக்கி.
ஐந்து நிபுணர்கள் அரைமணி நேரம் அந்த விரலைப் பேசினார்கள்.
எச்சரிக்கை என்றார் ஒருவர்,
பழைய ராணுவச் சைகை என்றார் இன்னொருவர்.

கடையின் மறுமுனையில் கிளாஸோடு சவரி.
தன் விரலைத் திருப்பிப் பார்த்தான்.
'டேய் தாஸு, அவராண்ட சொல்லு,
கடைசி தபா கொஞ்சம் அழுத்திட்டாருன்னு.'

எனக்குக் கேட்டது. கடைக்கே கேட்டது.
'ஏழு செகண்டுக்கு
நாப்பதாயிரம் கழியாதுன்னு சொல்லு.'

பையன் கிளாஸ்களைக் கீழே வைத்தான்.
கையைத் துடைத்துக்கொண்டு
எங்களுக்கு நடுவே இருந்த
இரண்டடி தூரத்தை நடக்கத் தொடங்கினான்.