எந்த ஏரி, எந்த மாசம்

குலோத்துங்கா,
நீ அனுப்பிய படம் வந்தது.
உடம்பு பழுத்த மிளகாய், தலை பாசிப்பச்சை.
கையுறை போட்ட உன் கையில் கிடக்கும் அந்த மீனுக்கு
எத்தனை அடி ஆழம், எவ்வளவு குளிர் பிடிக்கும் என்று
படகில் ஒரு சின்னப் பெட்டி சொல்லிவிடுமாம்.
"லீவு எழுதணும் மச்சான்,
எந்த ஏரி, எந்த மாசம், தேதியோடு சொல்லு."

என் பெட்டி இந்தத் தோல்பை.
பதினேழு வருஷம்
தஞ்சாவூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவே
நாளுக்கு ஆறு நடை.
கை சில்லறை எண்ணும், கண் ஜன்னலுக்கு வெளியே.
டிரிப் ஷீட்டின் முதுகில் குறித்து வைப்பேன்:
மதகில் இரண்டாம் படி முங்கிவிட்டது.
மேலக்கரையில் நாலு நாரை, அசையவில்லை.
செக்கிங் இன்ஸ்பெக்டர் ஒருதரம் அதைப் படித்துவிட்டு
"இது எந்த ஸ்டேஜ்?" என்றார்.

ஆனியை என்னிடம் கேட்காதே.
மேட்டூர் திறந்தாச்சா என்று டீக்கடை டிவியைக் கேள்.
திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்கு என்றைக்கு வரும் என்று
எவனும் எழுதிக் கொடுக்க மாட்டான்.
சருகு, நுரை, ஒற்றைச் செருப்பு எல்லாம் தள்ளிக்கொண்டு
முதல் தண்ணி நாய்க்குட்டி மாதிரி
மோந்து மோந்து வரும்.
அதை எதிர்த்து ஏறும் கெண்டை
எந்த இரையையும் திரும்பிப் பார்க்காது.
அதற்கு வேறு வேலை இருக்கிறது.

ஆவணியில் கலங்கல் படியும்.
தவிட்டு உருண்டை, மூங்கில் கம்பு, மயில்தோகைத் தக்கை.
கூத்தாநல்லூர் ரிபாயி ரீல் வைத்த கம்பு காட்டி
சிங்கப்பூர் சரக்கு என்பான்.
டீ மட்டும் குடித்துவிட்டு வா.

ஐப்பசியில்
ஏரி எது, வயல் எது, ரோடு எது?
அடைமழை இரவு, கடைசி நடை,
டிரைவர் அற்புதசாமி பிரேக்கை மிதித்தார்.
ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒரு பனையேறிக்கெண்டை
செவுளை ஊன்றி ஊன்றித்
தார் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது.
நாற்பத்தோரு பேர் காத்திருந்தோம்.
எதிரே வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான்,
பிறகு அவனும் இறங்கி வந்து பார்த்தான்.

மார்கழியில் வடுவூர் ஏரி வேண்டாம்.
அங்கே மீன் பிடிக்கிறவர்களும்
தொலைதேசத்திலிருந்து லீவு எழுதி வந்தவர்கள்தான்,
இறக்கையோடு.

தையில் ஏலம் எடுத்தவன் நைலான் வலை இறக்குவான்.
பங்குனியில் குட்டை தட்டாகச் சுருங்கும்,
குறவை சேற்றுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.
உன் போன் அதைக் 'குறுவை' என்று திருத்தி
"விளைச்சல் எப்படி?" என்று கேட்டது.
ஒரு சுழிதான் வித்தியாசம்.
இரண்டுக்கும் தண்ணீர்தான் பிரச்சினை.

ஒரு குளத்தை மட்டும் எழுதவில்லை.
பெயர் இல்லை அதற்கு, சர்வே நம்பர்தான்.
முந்தின வருஷம் புரட்டாசி, தவளை கோத்துப் போட்டேன்.
இரண்டே முக்கால் கிலோ விரால்.
பைக்குள் வால் அடித்துக்கொண்டிருந்தபோதே
தண்ணீரின் மேல் ஒரு கை அகலத்துக்குச் சிவப்பாகக் கொதித்தது.
குஞ்சுகள்.
மூச்செடுக்க மேலே வந்து, முங்கி,
அதே இடத்தைச் சுற்றிச் சுற்றித் தேடின.
பிறகு கரையோரம் விழுந்திருந்த என் நிழலைப் பார்த்து
அதனடியில் வந்து கூடிக்கொண்டன.

திருப்பி விட்டேன் என்று எழுதத்தான் ஆசை.
குழம்பு நன்றாக இருந்தது என்று
உன் அக்கா இன்னும் சொல்கிறாள்.

உனக்குக் கிடைப்பது சித்திரையில் பத்து நாள் என்கிறாய். வா.
ஜிலேபிக்கெண்டைக்கு மாசம் கிடையாது.
ஜன்னல் சீட்டில் உட்கார், எந்த ஏரியை வேண்டுமானாலும் கேள்.
ஓரிடத்தில் மட்டும் நான்
பையைத் திறந்து சில்லறை எண்ணிக்கொண்டிருப்பேன்.
அப்போது எதுவும் கேட்காதே.